பொம்மை என்கிறவருக்கு

சிற்பி நிக்கி த சான் ஃபாலின் 'நானா' என்ற பெண் சிலைகள் வெறும் கலர் பொம்மைகளாம். அவற்றில் பெண்ணியம் தேடுவது வம்படியாம். நண்பருக்குக் கலர் கண்ணைக் கட்டிவிட்டது போல. 1961இல் சுண்ணச்சாந்துக்குள் சாயப் பைகளைப் புதைத்து, துப்பாக்கியால் சுட்டு, வெள்ளைப் பலகையில் வண்ணம் ஒழுகவிட்டவர் நிக்கி. பார்வையாளர்களையும் சுடச் சொன்னார். அப்போதே அது பாதி நாடகம்.

1966இல் ஸ்டாக்ஹோமில் கிடந்த 'ஹோன்' சிலை எப்படி? இரும்புச் சட்டம், கம்பிவலை, பசையில் நனைத்த துணி. மல்லாந்து படுத்த ராட்சதப் பெண். தொடைகளுக்கு நடுவே வாசல். ஒரு மார்புக்குள் பால் விற்கும் கடை, கைக்குள் கிரேட்டா கார்போ படம் ஓடும் குட்டித் தியேட்டர். அம்மணப் பெண்ணை எட்ட நின்று ரசித்துப் பழகியவர்கள் இங்கே வரிசையில் நின்று உள்ளே போக வேண்டியிருந்தது. பொம்மைக்குள் இவ்வளவு வேலையா?

"எல்லாம் டிங்குவேலி கைவேலை" என்பது அடுத்த குற்றச்சாட்டு. 'ஹோன்' சிலைக்காகச் சிற்பி டிங்குவேலியும் கலைஞர் ஊல்ட்வெட்டும் சேர்ந்து உழைத்தது உண்மைதான், யாரும் மறைக்கவில்லை. ரோதானின் பட்டறையிலும் உதவியாளர்கள் இருந்தார்கள். அவருக்கு அது பெருமை, நிக்கிக்கு மட்டும் இழுக்கா?

மேடைக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை என்ற வரியையும் அடித்துவிடலாம். 1968இல் காசலில் அரங்கேறிய 'இஷ்' நாடகம், ரைனர் ஃபான் டீஸுடன் சேர்ந்து இவர் எழுதியது.