விலை மலிந்த ரயரா? உயிர் மலிந்த நாடா?

மோட்டார்க் கார் ஒன்றை வாங்கும்போது அதன் நிறத்தையும் இருக்கை மெத்தையையும் மணிக்கணக்காகப் பார்வையிடும் நம்மவர், அதன் நான்கு சில்லுகளுக்கும் புதிய ரயர் வாங்கவேண்டிய வேளை வந்ததும் கேட்கின்ற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "ஆகக் குறைந்த விலையில் எது இருக்கிறது?" யானை வாங்கப் பணம் உண்டு, அங்குசம் வாங்கப் பணம் இல்லை என்பது இதுவன்றி வேறு யாது?

இக் கேள்வியைக் கேட்போரை நாம் பழிக்க முன்வரவில்லை. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ரயர் இறக்குமதிக்கும் அவ்வாண்டிலேயே கட்டுப்பாடு வந்தது. 2022இல் ரூபாவின் பெறுமதி சில வாரங்களுக்குள் சரிந்தது. 200 ரூபாவுக்குச் சற்று மேலிருந்த டொலர் 360 ரூபா வரை ஏறியது. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டபோதிலும், பழைய காரையே பழுதுபார்த்து ஓட்டும் குடும்பங்கள் எண்ணில. வான் ஒன்றை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவனுக்கு நான்கு ரயரின் விலை என்பது பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் வீட்டு அடுப்பையும் தொடும் செலவு. சிக்கனம் அவனுக்குக் குணமன்று, விதி. அதனை நாம் நன்கறிவோம்.

அறிந்தும் சொல்கிறோம்: விலைச்சீட்டில் மலிந்த ரயர் எல்லாம் செலவில் மலிந்த ரயர் அன்று. சிக்கனம் செய்யவேண்டிய இடம் எது, செய்யக்கூடாத இடம் எது என்பதைப் பிரித்தறியாத சிக்கனம், காசையும் மிச்சப்படுத்தாது, உயிரையும் மிச்சப்படுத்தாது.

இதிலே மற்றொரு வேதனையும் உண்டு. 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்த இறப்பர்க் கன்றுகள் வந்திறங்கிய மண் இது. கம்பகாவிலுள்ள ஹெனரத்கொட பூங்காவில் அவை நடப்பட்டன. 1952இல் சீனத்துக்கு இறப்பரைக் கொடுத்து அரிசியைப் பெற்று வயிறு வளர்த்த நாடு இது. சோவியத் உதவியுடன் களனியில் அரச ரயர்த் தொழிற்சாலை 1960களில் எழுந்தது. தொழிற்சாலை வண்டிகளுக்கான திண்ம ரயர்களை உலகெங்கும் ஏற்றுமதி செய்கின்ற நாடுகளுள் இன்றும் எமது நாடு முன்வரிசையில் நிற்கிறது. இத்தகைய நாட்டின் குடிமகன், தன் காருக்கு வாங்கும் ரயரைப் பற்றி அடிப்படை அறிவு நான்கினைக்கூட ஒருவரிடமிருந்தும் கேட்டுப் பெறமுடியாதிருப்பது வெட்கத்துக்குரியதன்றோ?

நனைந்த வீதியே நீதிபதி

ஆயிரம் கிலோகிராமுக்கு மேற்பட்ட காரொன்று வீதியைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வோரிடமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. பிறேக் எவ்வளவு சிறந்ததாயினும், அது நிறுத்துவது சில்லை மட்டுமே. காரை நிறுத்துவது அந்த நான்கு உள்ளங்கைகளே. எனவே ரயரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி பிடிப்பைப் பற்றியதாகும். அதுவும் காய்ந்த வீதியிலன்று; காய்ந்த வீதியிலே தாழ்ந்த ரயரும் ஓரளவு நல்ல பிள்ளையாய் நடந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடக்கிலும் கிழக்கிலும் மழை கொட்டத் தொடங்கி, பல மாதம் படிந்த புழுதியும் எண்ணெயும் முதல் மழையோடு கூழாகும் நாளிலேதான் ரயரின் குலமும் கோத்திரமும் தெரியவரும்.

கணக்கொன்று பார்ப்போம். ஊர்மனைக்கு வெளியே சட்டம் அனுமதிக்கும் 70 கிலோமீற்றர் வேகத்தில் இரு கார்கள் செல்கின்றன. மழை நாள். முதலாவதன் பிடிப்பு எண் 0.8; தேய்ந்த, கடினமான ரயர் பூட்டிய இரண்டாவதற்கு 0.5 என்று வைத்துக்கொள்வோம். இரு சாரதிகளும் ஒரே கணத்தில் பிறேக்கை அழுத்துகின்றனர். முதலாவது கார் 24 மீற்றரில் நிற்கும். இரண்டாவது நிற்பதற்கு 39 மீற்றர் வேண்டும். அதுமட்டுமன்று: முதலாவது கார் நின்றுவிட்ட அந்த இடத்தை இரண்டாவது கார் இன்னும் 40 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திலேயே கடந்துகொண்டிருக்கும். அவ்விடத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை ஒன்று வீதியைக் கடக்குமாயின், ரயர் வாங்கியபோது மிச்சம்பிடித்த சில ஆயிரம் ரூபாவைக் கொண்டு எதனை ஈடுசெய்வது?

இப் பிடிப்பை அறிய வழி இல்லாமல் இல்லை. ஐரோப்பாவில் விற்கப்படும் ரயர்களுக்கு 2012 முதல் தரச்சீட்டு கட்டாயம். 2021இல் திருத்தப்பட்ட அச் சீட்டில் எரிபொருட் சிக்கனம், நனைந்த வீதியிற் பிடிப்பு ஆகிய இரண்டும் 'ஏ' முதல் 'ஈ' வரையான எழுத்துக்களாலும், ஓட்டத்தின் இரைச்சல் தெசிபெல் அளவிலும் தரப்படுகின்றன. அமெரிக்க முறைப்படி ரயரின் பக்கச்சுவரிலேயே நனைந்த பிடிப்பு 'ஏஏ', 'ஏ', 'பி', 'சி' எனப் பொறிக்கப்பட்டிருக்கும். 'சி' ஆகக் கீழானது. ஐரோப்பாவிலும் விற்கப்படும் ரயராயின் அதன் தரத்தைக் கைத்தொலைபேசியிலேயே தேடிப் பார்க்கலாம். ஆனால் ஒரே பெயருள்ள ரயரும் அளவு மாறினால் தரம் மாறக்கூடுமாகையால், தமது காருக்குரிய அளவைக் குறிப்பிட்டே தேடவேண்டும்.

சுகம் எங்கே இருக்கிறது?

அடுத்தது பயணச் சுகம். 185/65 ஆர் 15 88 எச் என்று ரயரொன்றிற் காண்கிறோம். 185 என்பது மில்லிமீற்றரில் அகலம். 65 என்பது அவ்வகலத்தில் 65 வீதம் பக்கச்சுவரின் உயரம். 'ஆர்' என்பது ரேடியல் அமைப்பு. 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 88 என்பது ரயரொன்று 560 கிலோகிராம் சுமை தாங்கும் என்பதற்கான குறி. 'எச்' என்பது மணிக்கு 210 கிலோமீற்றர் வரை தாங்கும் என்பதற்கான குறி. இதிலே சுகத்தின் இரகசியம் இரண்டாவது எண்ணில் அடங்கியிருக்கிறது. இந்த ரயரின் சுவர் 120 மில்லிமீற்றர் உயரமானது. குழியில் விழும்போது முதலில் வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்தச் சுவரே.

இளைஞர் சிலர் அழகு கருதி ரிம்மைப் பெரிதாக்கி 195/55 ஆர் 16 பூட்டுகின்றனர். வெளிவிட்டம் ஏறத்தாழ முன்னையதே. ஆனால் சுவரோ 107 மில்லிமீற்றராகக் குறுகிவிடும். நெடுஞ்சாலையில் அது கம்பீரமாக ஓடும். எமது கிராமத்து ஒழுங்கைகளிலோ குழிக்குக் குழி முதுகெலும்பு கணக்குச் சொல்லும், ரிம் நெளியும், ரயர் வெடிக்கும். வயோதிபரையும் நோயாளரையும் ஏற்றிச் செல்லும் காருக்கு, தயாரித்தவர் விதித்த அளவே உகந்தது. இருக்கையை மாற்றிச் சுகம் தேடுவோர், ரயரின் சுவரிலும் காற்றின் அளவிலும் தேடியிருப்பின் பாதிச் செலவில் அதனைக் கண்டிருப்பர்.

வான் வைத்திருப்போருக்குத் தனியாக ஒரு வார்த்தை. அளவின் பின்னால் 'சி' அல்லது 'எல்.டி' என்னும் எழுத்துள்ள ரயர், சுமைக்கெனவே பலப்படுத்தப்பட்டது. அத்தகைய ரயர் பூட்டவேண்டிய வானுக்கு, மெத்தென்று ஓடுகிறது என்பதற்காகக் கார் ரயரைப் பூட்டிப் பதினான்கு பேரை ஏற்றுவது துணிச்சலன்று, குற்றம்.

மலிவு வேறு, மதிப்பு வேறு

இனி விலையைப் பேசுவோம். ஒரு ரயர் 20,000 ரூபா. 25,000 கிலோமீற்றர் ஓடித் தேய்கிறது. மற்றையது 30,000 ரூபா. 50,000 கிலோமீற்றர் ஓடுகிறது என்று கொள்வோம். முன்னையதற்குக் கிலோமீற்றருக்கு 80 சதம். பின்னையதற்கு 60 சதம். மலிந்தது எது? கடைக்காரனின் வாயைப் பாராமல் கடதாசியும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் பார்ப்பவனே உண்மையான சிக்கனக்காரன். அமெரிக்க முறைக் குறியில் தேய்வெண் ஒன்றும் உண்டு. எண் கூடினால் ஆயுள் கூடும் என்பது பொதுவிதி. எனினும் அவ்வெண்ணை இடுபவர் தயாரிப்பாளரே. ஆதலால் ஒரு கொம்பனியின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட்டு ஏமாறலாகாது. நெடுநாள் உழைப்பதற்கென்று இறுகச் செய்த இறப்பர், மழையில் வழுக்கவும் கூடும். ஆகவே பிடிப்பின் தரத்தை முதலில் உறுதிசெய்து, அத்தரத்துக்குட்பட்டவற்றுள் கிலோமீற்றர் விலை குறைந்ததைத் தேர்வதே முறை.

பிறந்த நாள் தெரியாத ரயர், எத்துணை மலிவாயினும் வேண்டாம். பக்கச்சுவரில் 'டி.ஓ.டி' என்ற எழுத்துக்களை அடுத்துவரும் குறியின் இறுதி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் வார்க்கப்பட்டது என்பது பொருள். இறப்பர் ஓடாமலே முதுமை அடையும், இறுகும், நுண்ணிய வெடிப்புக் காணும். ஐந்து ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் பரிசோதித்து, பத்து ஆண்டானால் தேயாவிடினும் கழற்றிவிடுமாறு தயாரிப்பாளர் பலரே கூறுகின்றனர். பளபளவென்று மினுக்கி அடுக்கிய பழைய இருப்பைப் புதிதென்று தலையில் கட்டுவோரும் நாட்டில் இல்லாமலில்லை.

பாவித்த ரயரும் அத்தகையதே. அதன் உள்ளே நைந்த இழையைக் கண் காணாது. தேய்ந்த ரயரில் கத்தியால் புதுத் தவாளிப்பு வெட்டிக் கொடுக்கும் வித்தையோ, உயிரோடு விளையாடும் வித்தை. யப்பானிலிருந்து வந்த பாவித்த கார்கள் சிலவற்றில் பனிக்கால ரயர்கள் பூட்டப்பட்டிருக்கும். மலையும் அதனுள் பனித்துகளும் வரைந்த அடையாளம் சில ரயர்களில் காணப்படும். பனிக்கென மெதுமையாக வார்த்த அந்த இறப்பர் எமது வெயிலில் விரைந்து கரையும். சூடான வீதியிற் பிடிப்பும் தளரும். தவாளிப்பு ஆழமாக இருக்கிறதே என்று மகிழ்வோர் இதனை மனத்திற் கொள்வாராக.

புதிய ரயரின் தவாளிப்பு ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் ஆழமானது. அதனுள்ளே குறுக்காக அமைந்த சிறு வரம்பு 1.6 மில்லிமீற்றரிற் கிடக்கும். வரம்பு மேற்பட்டையோடு சமமாயின் ரயர் இறந்துவிட்டது. ஆனால் 3 மில்லிமீற்றருக்குக் கீழே போனபோதே தேங்கிய நீரை வெளியேற்றும் வலிமை குன்றிவிடும். மாரிக்கு முன் பார்க்கவேண்டிய அளவு அதுவே. இரண்டு ரயருக்கு மட்டுமே பணம் உண்டெனில் புதிய இரண்டையும் பின்சில்லுகளுக்கே பூட்டுக. பின்புறம் வழுக்கினால் காரைத் திருப்பி நிலைநிறுத்துதல் தேர்ந்த சாரதிக்கும் அரிது. காற்றை மாதம் ஒருமுறை, கார் ஓடாது குளிர்ந்திருக்கும் வேளையிற் பார்க்கவேண்டும். அளவு சாரதியின் கதவோரத் தகட்டில் உண்டு; ரயரின் சுவரிற் காண்பது உச்ச அளவு. காற்றுக் குறைந்தால் இரு ஓரமும், மிகுந்தால் நடுவும் தேயும். காசில்லாமற் செய்யக்கூடிய இச் சிக்கனத்தைச் செய்யாது, காசு கொடுத்துச் செய்யும் சிக்கனத்தில் உயிரை வைப்பது என்ன நியாயம்?

அரசினரிடம் கேட்கிறோம்

வாங்குபவனுக்குப் புத்தி சொல்வதோடு எமது கடமை தீர்ந்ததாக நாம் கருதவில்லை. ஆண்டுதோறும் வரிப்பத்திரம் வழங்குமுன் புகைச் சான்றிதழைக் கேட்கும் அரசு, தனியார் காரின் ரயரில் எத்தனை மில்லிமீற்றர் எஞ்சியுள்ளது என்று கேட்பதுண்டா? புகையினால் வரும் கேடு மெய். மொட்டை ரயரினால் வரும் கேடு பொய்யா?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இயங்குகிறது. விற்கப்படும் ஒவ்வொரு ரயருக்கும் அது வார்க்கப்பட்ட வாரமும் ஆண்டும், நனைந்த பிடிப்பின் தரமும், தாங்கும் சுமையும் கடையிலே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதித் தொங்கவிடப்படல் வேண்டும். பற்றுச்சீட்டிலும் அவை பொறிக்கப்படல் வேண்டும். இதற்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. ஒரு கட்டளை போதும். வரி விதிப்பிலும் மதியைச் செலுத்துக. உயிர் காக்கும் தரமுள்ள ரயருக்கும் வழுக்கும் ரயருக்கும் ஒரே தராசா? நல்ல பிடிப்புள்ள ரயரின் வரியைக் குறைத்தால், வாடகை வான் ஓட்டும் ஏழைக்கும் அது எட்டும்.

அரசு அசையும்வரை காத்திருக்க மழை சம்மதியாது. ஆகவே வாசக அன்பர்களே! இந்த வாரமே உங்கள் வாகனத்தின் நான்கு ரயர்களோடு உபரிச் சில்லையும் சேர்த்துக் குனிந்து பாருங்கள். ஆண்டைப் படியுங்கள், ஆழத்தை அளவுங்கள். அடுத்தமுறை கடை ஏறும்போது, "ஆகக் குறைந்த விலை எது?" என்பதற்கு முன் "மழையில் நிற்குமா? எப்போது செய்தது?" என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஊரே கேட்டால் எழுதித் தொங்கவிடுவார்.