வெயிலுக்கும் மழைக்கும் யார் அந்நியர்?

புது தில்லி: 1690ஆம் ஆண்டு பம்பாயில் மழைக்காலத்தைக் கழித்த ஆங்கிலேயப் பாதிரியார் ஜான் ஓவிங்டன், தம்முடன் கப்பலில் வந்த 24 பயணிகளில் 20 பேர் மழை ஓய்வதற்குள் மாண்டுபோனதைத் தமது பயண நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்நகருக்கு வரும் ஐரோப்பியனின் ஆயுள் இரண்டே மழைக்காலம் என்று கிழக்கிந்தியக் கம்பெனியாரிடையே அக்காலத்தில் ஒரு பேச்சு வழங்கியது.

பின்னாளில் வெள்ளையர் இந்நாட்டு வெயிலையும் மழையையும் சமாளித்தனர். பழகிக்கொண்டதனால் அல்ல, தப்பிக்கக் கற்றுக்கொண்டதனால். 1864 முதல் வைஸ்ராயின் கோடைத் தலைநகராக சிம்லா விளங்கியது. சென்னை மாகாண அரசு உதகைக்கு ஏறியது. பம்பாய் ஆளுநரோ கோடையில் மகாபலேஸ்வரம், மழைக்காலத்தில் புணே என்று ஆண்டுக்கு இருமுறை இடம் மாறினார். கோப்புகளும் குமாஸ்தாக்களும் உடன் சென்றனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களுக்கு மட்டும் அந்த ஏற்பாடு இல்லை.

பழகுவதற்கும் ஒரு கணக்கு: வெப்பத்துக்கு மனித உடல் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும் என்கிறது மருத்துவம். வியர்வை சுரப்பது கூடும். வியர்வையோடு வெளியேறும் உப்பு குறையும். இதயத் துடிப்பு நிதானப்படும். குளிர்சாதன விமான நிலையத்திலிருந்து குளிர்சாதனக் காரில் ஏறி, குளிர்சாதன அறைக்குச் செல்லும் இன்றைய வெளிநாட்டவரின் உடல் இந்தப் பாடத்தை முழுமையாகக் கற்பதில்லை. கற்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. ஓரிரு வாரங்களில் அவர் ஊர் திரும்பிவிடுவார்.

அவசியம் யாருக்கு இருக்கிறது என்பதே கேள்வி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்குச் சென்ற தமிழர்களும் அந்த வானிலைக்கு அந்நியர்களே. அவர்கள் அறிந்தது ஐப்பசி, கார்த்திகை மழை. ஆனியில் தொடங்கிப் புரட்டாசி வரை விடாது பெய்யும் தென்மேற்குப் பருவமழை அவர்கள் ஊருக்கு மலைக்கு அப்பால் நின்றுவிடுவது. மாதுங்காவில் குடியேறிய அலுவலகப் பணியாளர்களுக்கும், பின்னர் செம்பூருக்குப் பெயர்ந்த குடும்பங்களுக்கும் இதே நிலைதான். 1960களில் "வெளியார்" என்ற ஏச்சையும் இவர்கள் தாங்க வேண்டியிருந்தது. ஆயினும் மழைக்கு முன்பே தார்ப்பாய் வாங்கிக் கூரையில் கட்டவும், வாசற்படியை ஒரு முழம் உயர்த்தவும், ரேஷன் அட்டையைப் பரணில் பத்திரப்படுத்தவும் கற்றுக்கொண்டனர்.

கற்றது போதாமல் போனது: இந்தப் பட்டறிவுக்கும் எல்லை உண்டு என்பதை 2005 ஜூலை 26 காட்டியது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதே நாளில் கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டர் மட்டுமே. மாநிலம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நகரின் மழைநீர் வடிகால்களைச் சீரமைப்பதற்கான திட்ட அறிக்கை 1993லேயே தயாராக இருந்தும், மத்திய அரசின் நிதியுதவி வெள்ளத்துக்குப் பின்னரே பிறந்தது. 2021 ஜூலையில் செம்பூர் பாரத் நகரில் மலைச்சரிவுச் சுவர் இடிந்து குடிசைகள் மீது விழுந்ததில் 19 பேர் இறந்தனர். 2025இல் பருவமழை, வழக்கமான ஜூன் 11க்குக் காத்திராமல் மே 26 அன்றே மும்பையை அடைந்தது. தார்ப்பாய் கட்டும் நாளைக்கூட இனிக் கணித்துச் சொல்ல இயலாது.

வெயில் இன்னும் கொடிது. அதன் சேதம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடலோர நகரமான மும்பையில் காற்றின் ஈரப்பதம் வியர்வையை உலர விடாது. உடல் குளிர்வதற்கு வழியில்லை. தகரக் கூரைக் குடிசைப் பகுதிகள் அண்டைப் பகுதிகளைவிட வெப்பம் மிகுந்தவை என்பதை 2022 மார்ச்சில் மும்பை மாநகராட்சி வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டமே ஒப்புக்கொள்கிறது. மாதுங்காவின் மரநிழலுக்கும் தாராவியின் தகரத்துக்கும் இடையே இருப்பது ஒரு ரயில் பாதைதான். 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கரில் நடந்த அரசு விருது விழாவில் வெயில் தாக்கி 14 பேர் உயிரிழந்தனர். மேடைக்குக் கூரை இருந்தது. திரண்டிருந்த மக்களுக்கு இல்லை. இறந்தவர்கள் வெளிநாட்டவர் அல்லர்.

பட்டியலில் இல்லாத பேரிடர்: நாடாளுமன்றத்தில் இதுகுறித்து உறுப்பினர்கள் கேள்வி எழுப்பாமல் இல்லை. 2021-26 காலத்தில் தேசியப் பேரிடர் நிவாரண நிதிக்குத் தகுதியுள்ளவை என அறிவிக்கப்பட்டிருந்த 12 பேரிடர்களில் குளிர் அலை இருந்தது. வெப்ப அலை இடம்பெறவில்லை. 2021-26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு, பட்டியலை விரிவாக்கத் தேவையில்லை என்று முடித்துவிட்டது. மாநிலங்கள் தங்கள் பேரிடர் நிதியில் 10 சதவீதம் வரை உள்ளூர்ப் பேரிடர்களுக்குச் செலவிடலாம் என்ற விதியைப் பயன்படுத்தி, தமிழகம் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வரவேற்கத்தக்க முடிவு. ஆனால், இறந்த பின் தரும் நிவாரணம் நிழலாகிவிடாது. 2010 கோடையின் உயிரிழப்புகளுக்குப் பின் 2013இல் ஆமதாபாத் மாநகராட்சி வகுத்த வெப்பச் செயல்திட்டம், முன்னெச்சரிக்கையும் குடிநீரும் மருத்துவமனை ஆயத்தமும் என்ற எளிய வழியைக் காட்டியிருக்கிறது.

இப்போது தாராவி மறுசீரமைப்பு பேசப்படுகிறது. அங்கேயே வீடு பெறத் தகுதியில்லாதவர்களுக்கு வாடகை வீடு கட்டுவதற்காக, சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்தை மாநில அரசுக்கு மாற்ற மத்திய அமைச்சரவை 2024இல் ஒப்புதல் அளித்தது. உப்பளங்கள் மழைவெள்ளத்தை உள்வாங்கும் தாழ்நிலங்கள். தகரத்தின் வெயிலிலிருந்து மீட்கிறோம் என்று சொல்லி ஏழைகளை வெள்ளத்தின் வழியில் குடியமர்த்துவது மறுவாழ்வு ஆகுமா? காற்றோட்டம் இல்லாத அடுக்குமாடியும் இன்னொரு தகரக் கூரைதான்.

அன்றைய ஆட்சியாளர்கள் மலைக்குப் போனார்கள். இன்றைய ஆட்சியாளர்கள் குளிர்சாதன அறைக்குள் அமர்ந்து, மக்கள் பழகிக்கொள்வார்கள் என்கிறார்கள். நூறாண்டுக்கும் மேலாகப் பழகியவர்களிடம் இன்னும் பழகச் சொல்வது நியாயமல்ல. வெயிலும் மழையும் எங்கே அடிக்கும், யார் மீது அடிக்கும் என்பது அரசுக்குத் தெரியும். தெரிந்த பின்னும் கூரை தராதிருந்தால், இந்த மண்ணின் வானிலைக்கு அந்நியர் அந்தத் தொழிலாளி அல்ல, அரசுதான்.