மையவாடிக்கு எதற்கு வாடகை?

கர்நாடக மாநில வக்ஃபு வாரியத் தலைவர் அவர்களுக்கு,



மனுவாகவே எழுதியிருக்கலாம். மனுவைப் படிப்பவர் ஒருவர்தான்; இதை ஜமாஅத்தில் இருப்பவர்களும் படிக்க வேண்டும் என்பதால் மடலாக எழுதுகிறேன்.

நான் சிவாஜிநகர்க்காரன். பாட்டனார் வாணியம்பாடியிலிருந்து தோல் வியாபாரத்துக்காகக் கண்டோன்மெண்டுக்கு வந்தவர். வீட்டில் தமிழ், கடையில் தக்னி, பஸ்ஸில் கன்னடம் என்று வளர்ந்தோம். நாங்கள் மையவாடி என்பதைப் பக்கத்து வீட்டார் கபர்ஸ்தான் என்பார்கள். அத்தாவை 1996-ல் அடக்கிய மையவாடிக்கு, சென்ற பராஅத் இரவில் யாசீன் ஓதப் போனேன். தலைமாட்டில் வைத்த மீசான் கல்லைக் காணோம். அதே இடத்தில் புதிதாக ஒரு கபர்.

அதற்காக நான் கோபப்படவில்லை. முன்பு அடக்கிய உடல் மக்கி மண்ணாகிவிட்டால் அதே குழியில் இன்னொருவரை அடக்கலாம் என்று ஹனஃபி நூல்களும் ஷாஃபி நூல்களும் சொல்கின்றன. பெங்களூரு போன்ற ஊரில் வேறு வழியும் இல்லை. அத்தா இருந்திருந்தால், "யாரோ ஒரு முஸாஃபிர், படுத்துக்கொள்ளட்டும்" என்றுதான் சொல்லியிருப்பார்.

என்னை உறுத்தியது சுவர். தென்பக்கச் சுவர் பத்தடி உள்ளே வந்திருந்தது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் வரிசையாகக் கடைகள்: டயர் கடை, வெல்டிங் பட்டறை, பிரியாணிக் கடை. சுவருக்கும் கபர்களுக்கும் நடுவில் இரண்டு டெம்போக்கள் நிற்கின்றன. ஆக்கிரமிப்பு என்று நினைத்து டயர் கடைக்காரரிடம் குரலை உயர்த்தினேன். அவர் பதறாமல் ரசீதை எடுத்துக் காட்டினார். மாத வாடகை, மையவாடியை நிர்வகிக்கும் முதவல்லியின் கையெழுத்து. எந்த மையவாடி என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்த ஒரு முதவல்லியைப் பற்றியதாகிவிடும்.

தலைவர் அவர்களே, உங்களுக்கு ஹதீஸ் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் வக்ஃபு என்ற ஏற்பாட்டுக்கே வேராகச் சொல்லப்படும் நிகழ்ச்சியை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். கைபரில் உமர் (ரலி) அவர்களுக்கு ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட மேலான சொத்து தமக்கு வாய்த்ததில்லை என்று சொல்லி, என்ன செய்யலாம் என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். அடிமண்ணை நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மம் செய்யும் வழி காட்டப்பட்டது. அந்த நிலத்தை விற்க முடியாது, அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது, வாரிசுக்கும் போகாது. இதுவரை எல்லா பயானிலும் கேட்கிறோம். அதே ஹதீஸில் அடுத்து வருவதைத்தான் அதிகம் கேட்பதில்லை. நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் நியாயமான அளவுக்கு அதிலிருந்து சாப்பிடலாம், நண்பருக்கும் கொடுக்கலாம். ஆனால் அதை வைத்துச் சொத்துச் சேர்க்கக் கூடாது. வக்ஃபு பிறந்த அன்றே முதவல்லிக்கும் வரம்பு கட்டிவிட்டார்கள். வெளியாள் வந்து பறிப்பதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. கட்டுப்பாடு முழுவதும் கையில் வைத்திருப்பவருக்குத்தான்.

வக்ஃபு செய்தவரின் நிபந்தனை, மார்க்கச் சட்ட வாசகத்துக்குச் சமம் என்பது ஃபிக்ஹ் விதி. தோட்டத்தையோ கடையையோ வக்ஃபு செய்தவர், அதன் வருமானத்தைத் தர்மம் செய்யச் சொன்னார். மையவாடிக்கு நிலம் கொடுத்தவர் சொன்னது வேறு. அங்கே ஆறடி மண்தான் விளைச்சல். அதை வாடகையாக மாற்ற எவருக்கும் அவர் அதிகாரம் கொடுக்கவில்லை. கபர் மேல் உட்காருவதைவிட, ஆடையை எரித்துத் தோலைச் சுடும் தணலின் மேல் உட்காருவது மேல் என்று முஸ்லிம் தொகுப்பில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. உட்காருவதற்கே இப்படியென்றால் டெம்போ நிறுத்துவதை எந்தக் கணக்கில் வைப்பது?

நாட்டுச் சட்டமும் இதில் வழுக்கவில்லை. 1995-ஆம் ஆண்டு வக்ஃபு சட்டத்தின் 51-ஆம் பிரிவில் 2013-ல் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள். பள்ளிவாசல், தர்கா, கான்காஹ், மையவாடி, இமாம்பாரா ஆகியவற்றைக் குத்தகைக்கு விடக் கூடாது. பஞ்சாப், ஹரியானா, இமாசலப் பிரதேசத்தில் பயன்பாட்டில் இல்லாத, அதற்கு முன்பே குத்தகைக்குப் போன மையவாடிகளுக்கு மட்டும் விலக்கு. கர்நாடகத்துக்கு அந்த விலக்கு இல்லை. அப்படியானால் டயர் கடைக்காரரின் ரசீதுக்கு என்ன மதிப்பு? அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் மாதம் தவறாமல் பணம் கட்டுகிறார்.

முதவல்லிகளைக் கேட்டால் ஒரு நியாயம் சொல்வார்கள். வெட்டியான் கூலி, மின்கட்டணம், அநாதை ஜனாஸாக்களின் கஃபன் துணி, இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும்? கேள்வி நியாயமானதுதான். பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. ஷீராஸிலிருந்து குதிரை வியாபாரியாக வந்து இந்த நகரத்தில் பங்களாக்கள் கட்டிய ஆகா அலி அஸ்கர் ஒரு வக்ஃபு விட்டுப் போனார். மைசூர் திவான் மிர்ஸா இஸ்மாயிலின் பாட்டனார் அவர். அலி அஸ்கர் சாலை அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த வக்ஃபு நிலத்தில்தான் வின்ட்சர் மேனர் ஓட்டல் நிற்கிறது. அந்த நிலத்தின் குத்தகையும் வாடகையும் எத்தனை வருடமாக விவகாரத்தில் இருக்கின்றன என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். 2012 மார்ச்சில் அன்றைய சிறுபான்மையினர் ஆணையத் தலைவர் அன்வர் மாணிப்பாடி கொடுத்த அறிக்கை, மாநிலத்தில் சுமார் 27,000 ஏக்கர் வக்ஃபு நிலம் கைமாறியோ ஆக்கிரமிக்கப்பட்டோ போனது என்றது. அந்தக் கணக்கை ஏற்காதவர்கள் உண்டு. பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் தூக்கம் வராது.

என் குறை இதுதான்: வாடகைக்கு விட வேண்டிய நிலம் அடிமாட்டு வாடகையில் கிடக்கிறது, வாடகைக்கு விடக் கூடாத நிலத்தில் கடை முளைக்கிறது. முதலாவதைச் சந்தை விலைக்குக் கொண்டுவந்தால் இரண்டாவதற்குத் தேவையே இல்லை. இந்த நகரத்தின் வக்ஃபு வணிக வளாகங்கள் ஒழுங்கான வாடகை கொடுத்தால், எந்த வெட்டியானுக்கும் டயர் கடையிலிருந்து கூலி போக வேண்டியதில்லை.

பணக்காரர்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அவர்கள் ஜமாஅத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் ஆனாலும். பொது மையவாடியில் குடும்பத்துக்கென்று இடம் பிடித்து, சுற்றிக் கம்பி வேலி போட்டு, சலவைக்கல் பதித்துக் கட்டுகிறார்கள். கபரைச் சுண்ணாம்பு பூசிக் கட்டுவதையும் அதன் மேல் கட்டடம் எழுப்புவதையும் நபி (ஸல்) தடுத்ததாக ஜாபிர் (ரலி) வழியாக வருகிறது. மக்காவில் கபர்கள் மேல் கட்டியவற்றை ஆட்சியாளர்கள் இடித்ததைத் தாம் கண்டதாகவும், அங்கிருந்த ஃபகீஹ்கள் அதைக் குறை சொல்லவில்லை என்றும் இமாம் ஷாஃபிஈ எழுதுகிறார். அந்தக் கட்டுமானம் அடுத்து வரும் ஏழையின் இடத்தை நெருக்குகிறது என்பதே காரணம். என் அத்தாவின் குழி இன்னொருவருக்குப் பயன்படும்போது, சலவைக்கல் குழி மட்டும் ஏன் கியாமத் நாள் வரை ஒரே குடும்பத்துக்கு?

இப்போது அவசரம் ஏன் என்று கேட்பீர்கள். 2025 ஏப்ரல் 8-ல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் வக்ஃபு சொத்துக்கும் காலவரையறைச் சட்டத்தைப் பொருத்திவிட்டது. ஒருவர் ஆக்கிரமித்து உட்கார்ந்து பன்னிரண்டு ஆண்டு நாம் சும்மா இருந்தால் வழக்குப் போடும் வழி அடைபடும். நீண்ட காலப் பயன்பாட்டால் மட்டும் வக்ஃபு ஆவது என்ற ஏற்பாடும் இனிமேல் இல்லை. பதிவாகியிருக்கும் பழையவை, தகராறு இல்லாமலும் அரசு நிலமாக இல்லாமலும் இருந்தால் தப்பும். பழைய மையவாடிகள் பலவற்றுக்குப் பத்திரம் ஏது? அங்கே படுத்திருக்கும் மையத்துகள்தான் பத்திரம்.

இது என் கற்பனை அல்ல. தமிழ்நாட்டிலிருந்து போன சையத் முகமது சாலி லப்பை வழக்கில் 1976-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். சமுதாயம் காலங்காலமாக, போதிய எண்ணிக்கையில் அடக்கம் செய்துவந்தது நிரூபணமானால் அந்த இடம் பொது மையவாடி. ஒருமுறை அப்படி ஆனபின், பயன்படுத்தாமல் விட்டாலும் அது வக்ஃபாகவே இருக்கும். போதிய எண்ணிக்கை என்பதைக் கவனியுங்கள். யாரை, எந்தத் தேதியில், எந்த வரிசையில் அடக்கினோம் என்ற பதிவேடு இல்லாவிட்டால் எண்ணிக்கையை எப்படிக் காட்டுவது? அத்தாவின் மீசான் கல் போனது எனக்கு மனக்குறை. உங்களுக்கு அது தொலைந்த ஒரு சாட்சி.

2025 ஜூன் 6-ல் வக்ஃபு சொத்துகளைப் பதிவதற்கான உமீத் இணையதளம் திறந்தபோது ஆறு மாதக் கெடுவுக்குள் பதிவேற்ற ஜமாஅத்துகள் அலைந்த அலைச்சலைப் பார்த்தோம். எல்லை தெரியாது, சர்வே எண் தெரியாது. பதிவு சுத்தமாக இல்லாததற்கு 2024 அக்டோபரில் விஜயபுராவில் விலை கொடுத்தோம். நிலம் வக்ஃபுடையது என்று விவசாயிகளுக்கு நோட்டீஸ் போய், ஊர் கொதித்து, முதல்வர் சித்தராமையா நோட்டீஸ்களைத் திரும்பப் பெறச் சொல்ல வேண்டியதாயிற்று. அதன்பிறகு உண்மையான மையவாடிக்காக வாரியம் நோட்டீஸ் அனுப்பினாலும் ஊர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது.

வக்ஃபைக் காப்பாற்ற இன்னொரு மதத்தவர் வரமாட்டார் என்று நம்மில் சிலர் பேசுவதைக் கேட்கிறேன். கபரைக் குறிக்கும் பாரசீகச் சொல்லைத் தன் பெயரில் வைத்திருக்கும் மதுரைக் கோரிப்பாளையத்துக்குப் போய்ப் பாருங்கள். பாண்டியன் ஒருவன் பள்ளிவாசலுக்கு விட்ட ஊர்களை 1573-ல் வீரப்ப நாயக்கர் உறுதிசெய்த கல்வெட்டு அங்கே நிற்கிறது. ஆவணம் இருந்தது, அரசர் மதித்தார். நம் ஊரில் இன்று யார் முன்னால் எதை நீட்டுவது?

உங்கள் அதிகாரத்துக்குள் அடங்குவதை மட்டும் கேட்கிறேன். பெங்களூரு மையவாடிகளுக்குள் இருக்கும் கடைக் குத்தகைகளை ரத்து செய்யுங்கள். கடைக்காரர்களுக்கு அவகாசம் கொடுங்கள், மாற்று இடம் வாரியத்தின் வணிக வளாகங்களிலேயே தர முடியும். குடும்ப கபர் ஒதுக்கீட்டை நிறுத்துங்கள். ஒவ்வொரு மையவாடிக்கும் அடக்கப் பதிவேடு, அதன் நகல் உங்கள் அலுவலகத்தில். வாசலில் அளந்த எல்லைப் படம், அதன் கீழே வரவு செலவு. கன்னடத்திலும் உருதுவிலும், முடிந்தால் எங்கள் தமிழிலும்.

அடுத்த பராஅத்துக்கு முன் ஒருநாள் அஸருக்குப் பிறகு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள். தென்சுவர் எங்கே இருந்தது என்று நான் காட்டுகிறேன்.

வஸ்ஸலாம்,
சிவாஜிநகரிலிருந்து ஒரு ஜமாஅத்வாசி