கேள்வி கேட்கும் பிள்ளையை ஏன் அதட்டுகிறோம்?



அறிவியல் உலகம் எதையேனும் கண்டறிந்து அறிவித்த மறுநாளே, "இது 1400 ஆண்டுகளுக்கு முன்பே குர்ஆனில் சொல்லப்பட்டுவிட்டது" என்னும் செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களில் வலம்வரத் தொடங்கிவிடுகிறது. மதரஸாவில் குர்ஆன் ஓதிக்கொடுப்பவன் நான். அது இறைவாக்கு என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. வேதம் நம் கையில் இருக்க, கண்டுபிடிப்பு மட்டும் எப்போதும் பிறர் கையில் இருப்பது ஏன் என்பதே என் கேள்வி.

கடலையே எடுத்துக்கொள்வோம். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த சபராளிகள் நம் தஞ்சைத் தரணியின் ஊர்களில் எத்தனை பேர்! நாள்கணக்கில் அந்த நீலத்தைப் பார்த்தபடியே போனார்கள், வந்தார்கள். இதே காவிரிக்கரையில், திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி.வி. ராமனும் 1921இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். கடலின் நீலம் வானத்து நீலத்தின் எதிரொளிப்பே என்று, நோபல் பரிசு பெற்ற ராலே பிரபு சொல்லிவைத்திருந்தார். பெரியவர் சொல்லிவிட்டார் என்று ராமன் வாளாவிருக்கவில்லை. ஒரு நிக்கோல் பட்டகத்தைக் கொண்டு, நீர்ப்பரப்பில் பட்டு எதிரொளிக்கும் ஒளியை விலக்கிவிட்டு மத்தியதரைக் கடலைப் பார்த்தார். கடல் அப்போதும் நீலமாகவே இருந்தது! நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்னும் முடிவுக்கு வந்தார். அந்தத் தேடல்தான் 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவாகக் கனிந்து, 1930இல் நோபல் பரிசைக் கொண்டுவந்தது.

"கேள்வி சோறு போடுமா?" என்பார்கள். ராமன் 1907 முதல் பத்தாண்டுகள் அரசு நிதித்துறை அதிகாரி. அலுவல் நேரத்துக்கு முன்னும் பின்னும்தான் ஆய்வகத்தில் உழைத்தார். 1917இல் பேராசிரியர் பதவி வந்தபோது, அதிகச் சம்பளத்தை விட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் போனார். நம் வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்தால், அத்தாவும் அம்மாவும் மந்திரிக்க அழைத்துப் போயிருப்பார்கள்.

மார்க்கத்தின் பெயரால் வாயடைப்போர் இன்னொரு வகையினர். அல்மாயிதா அத்தியாயத்தின் 101ஆம் வசனத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வஹீ இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் தேவையற்றதைத் துருவிக் கேட்டுத் தமக்கே சுமை தேடிக்கொள்வதை அவ்வசனம் தடுத்தது என்பதைத் தஃப்ஸீர் படித்தவர் அறிவார். மழை பெய்தால் தவளை ஏன் கத்துகிறது என்று கேட்கும் சிறுவனை அதட்டுவதற்காக அது இறங்கவில்லை. இறந்தவற்றை எவ்வாறு உயிர்ப்பிக்கிறாய் எனக் காட்டுமாறு நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் இறைவனிடமே வேண்டினார்கள். ஈமான் குறைந்தா? உள்ளம் அமைதி பெற அல்லவா! அல்லாஹ் சினக்கவில்லை, நான்கு பறவைகளைக் கொண்டு காட்டிக்கொடுத்தான்.

இப்னுல் ஹைதமின் பெயரை மேடைதோறும் முழங்குகிறோம். கண்ணிலிருந்து ஒளி புறப்படுகிறது என்ற யவன அறிஞர்களின் கூற்றை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்று 11ஆம் நூற்றாண்டில் காட்டியவர் அவர். முழங்கிவிட்டு வீடு திரும்பி, "எதிர்த்துப் பேசாதே" என்று மகனை அடக்குகிறோம்.

அல்காஷியா அத்தியாயம் ஒட்டகத்தை நோக்கச் சொல்கிறது. நம் வாசலில் ஒட்டகம் இல்லை, நெல் இருக்கிறது. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது; ஆடுதுறை 43 என்று நாம் விதைக்கும் ரகத்தின் பெயரிலேயே அவ்வூர் இருக்கிறது. ஜவுளி எடுக்கக் கும்பகோணம் போகும் வழியில் அந்நிலையத்தைக் கடந்து செல்லும் குடும்பங்களுள், உள்ளே என்ன நடக்கிறது என்று பிள்ளைக்குச் சொன்னவை எத்தனை?

மே மாதந்தோறும் ஜமாஅத்துகள் நடத்தும் கல்வி வழிகாட்டி முகாம்களில் மருத்துவம், பொறியியல், வளைகுடா வேலை என்ற பேச்சே நிறைந்திருக்கிறது. ஆராய்ச்சி என்ற சொல் அரிதாகவே எழுகிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் ஐசர் நிறுவனங்களில் சேரத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. முதுகலைக்குப் பின் நெட் தேர்வில் தேறி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு, 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. இதையாவது அடுத்த முகாமில் சொல்லுங்கள்.