உக்ரேனில் யுத்தம், மத்திய ஆசியாவில் அறுவடை

ஒரு வல்லரசு ஓரிடத்தில் யுத்தத்தில் சிக்கிக்கொள்ளும்போது இன்னோரிடத்தில் அதன் பிடி தளர்ந்துவிடுகிறது. 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரேன் மீது முழுஅளவில் படையெடுத்தபோது உலகின் கவனம் கீவ் நகரின் மீதே குவிந்திருந்தது. ஆனால், அந்த யுத்தத்தின் முக்கியமான விளைவொன்று வெகுதொலைவில் உள்ள மத்திய ஆசியாவில் நிகழ்ந்தது என்பதே எனது அபிப்பிராயம். அதன் பயனை அனுபவிப்பது சீனா.

அதே ஆண்டு ஜனவரியில் கஸகஸ்தானில் கலவரம் மூண்டபோது ஜனாதிபதி தொக்காயெவுக்கு உதவ வந்தவை ரஷ்யா தலைமையிலான துருப்புகள். ஆனால், ஜூனில் அதே தொக்காயெவ் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் புட்டின் முன்னிலையிலேயே டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க் 'குடியரசுகளை' அங்கீகரிக்கப்போவதில்லை என்று கூறினார். வடக்கில் ரஷ்ய இனத்தவர்கள் கணிசமாக வாழும் நாட்டின் தலைவருக்கு உக்ரேனின் கதி அந்நியச் செய்தி அல்ல.

அந்த அச்சத்தை பெய்ஜிங் சரியாகவே புரிந்துகொண்டது. செப்டெம்பரில் கஸகஸ்தானுக்குச் சென்ற ஷி ஜின்பிங், அதன் சுதந்திரத்துக்கும் இறைமைக்கும் ஆதரவு தெரிவித்தார். 2023 மே மாதம் ஐந்து மத்திய ஆசிய ஜனாதிபதிகளும் சியான் நகரில் அவருடன் கூடினர். பல வருடங்களாக இழுபட்ட சீனா - கிர்கிஸ்தான் - உஸ்பெகிஸ்தான் ரயில்பாதைக்கான உடன்படிக்கை 2024 ஜூனில் கைச்சாத்தானது.

மொஸ்கோ வெளியேறிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. கஸகஸ்தானின் எண்ணெயில் பெரும்பகுதி இன்னமும் ரஷ்யாவினூடாகவே ஏற்றுமதியாகிறது. ரஷ்யாவில் உழைப்போர் அனுப்பும் பணத்திலேயே தஜிகிஸ்தானின் பல குடும்பங்கள் வாழ்கின்றன.

புதிய பாதுகாவலருக்கும் ஒரு விலை உண்டு. 2022 அக்டோபர் 6 ஆம் திகதி, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை சின்ஜியாங் நிலைவரம் குறித்து விவாதிப்பதா என்று வாக்களித்தது. அங்கு தடுத்துவைக்கப்பட்டவர்களில் கஸக் இனத்தவர்களும் அடங்குவர். ஆனால், கஸகஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் விவாதத்துக்கு எதிராக வாக்களித்தன. 19 க்கு 17 என்ற வாக்குகளால் அந்த யோசனை தோற்றது. அதே நாளில் இலங்கை தொடர்பான தீர்மானத்தை எதிர்த்த ஏழு நாடுகளில் சீனாவும் உஸ்பெகிஸ்தானும் இருந்தன என்பதை எமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அயலிலுள்ள ஒரு வல்லரசுக்கு அஞ்சி இன்னொன்றின் நிழலில் ஒதுங்கும் சிறிய நாடுகள் தங்கள் எல்லைகளைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால், எல்லைக்கு அப்பால் அவலப்படும் சொந்த இனத்தவருக்காகக் குரலெழுப்பும் உரிமையை அவை இழந்துவிடுகின்றன. அதையும் இழந்த பின்னர் எஞ்சியிருக்கும் இறைமையின் பெறுமதிதான் என்ன?