பைக் லோன் போடுறதுக்கு முன்னாடி உங்க காலை அளந்து பாருங்க

மாசம் எவ்வளவு இஎம்ஐ கட்ட முடியும்னு கணக்கு போட்டுட்டுதான் நம்மள்ல பெரும்பாலானவங்க பைக் ஷோரூமுக்குள்ள நுழையுறோம். நல்ல பழக்கம்தான். ஆனா அந்தக் கணக்குல ஒரு அளவு மட்டும் எப்பவும் விட்டுப்போகுது. உங்க கால் நீளம்.

சிரிக்காதீங்க. அதைப் பார்க்காம விட்டதால 14 மாசத்துல 85,700 ரூபாயை விட்டவன் நான்.

என் உயரம் 5 அடி 4 அங்குலம். வேலைக்குச் சேர்ந்து மூணாவது வருஷம், ஒரு அட்வென்ச்சர் பைக் வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம், வண்டி மேல தப்பே இல்ல. அது நல்ல வண்டி, எனக்கான வண்டி இல்ல, அவ்வளவுதான். ரிவ்யூ வீடியோ ஒரு பத்து பார்த்திருப்பேன். எல்லாத்துலயும் ஓட்டினவர் ஆறடிக்குப் பக்கத்துல இருந்தார். அவர் கால் தரையில அழகா பதிஞ்சதைப் பார்த்துட்டு என் காலும் பதியும்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

வேளச்சேரியில இருந்து பெருங்குடி ஆபீஸுக்குத் தினமும் போய் வரணும். ஓடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் சொர்க்கம். சிக்னல்ல நின்னா நரகம். ஒரு பக்கம் சாய்ச்சு, ஒத்தைக் கால் நுனி விரல்ல கிட்டத்தட்ட 180 கிலோவைத் தாங்கி நிக்கணும். ஒரு மழை நாள்ல கால் வைக்கிற இடத்துல பள்ளம். நின்ன இடத்துலயே வண்டியோட சாய்ஞ்சேன். வேகம் சைபர். கிளட்ச் லிவர், இண்டிகேட்டர், கணுக்கால் மூணும் போச்சு. அதுக்கப்புறம் யு-டர்ன் எடுக்கணும்னாலே பயம். அம்மா ஒரே ஒரு தடவை பின்னாடி ஏற முயற்சி பண்ணாங்க. "ஏணி வச்சுத் தர மாட்டானாடா கம்பெனிக்காரன்?"னு கேட்டுட்டு ஆட்டோ பிடிச்சுப் போயிட்டாங்க.

கணக்குக்கு வருவோம். ஆன்ரோடு விலை 2,40,000. 14 மாசம் கழிச்சு வித்தது 1,68,000. அங்கேயே 72,000 போச்சு. விழுந்ததுக்கு ரிப்பேர் செலவு 9,500. லோனை முன்கூட்டியே முடிச்சதுக்குக் கட்டணம் 4,200. மொத்தம் 85,700. மாசத்துக்கு 6,100 ரூபாய்க்கு மேல. ஓட்டினது வெறும் 6,800 கிலோமீட்டர். அதாவது பெட்ரோலும் லோன் வட்டியும் சேர்க்காமலே கிலோமீட்டருக்கு 12 ரூபாய்க்கு மேல செலவு பண்ணியிருக்கேன்.

ஏன் இவ்வளவு நஷ்டம்? ஆன்ரோடு விலையில ஒரு பகுதி வண்டியே கிடையாது. தமிழ்நாட்டுல 1 லட்சத்துக்கு மேல விலை உள்ள பைக்குக்கு ஆயுட்கால வரி 12 சதவீதம். அதுக்கு மேல பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ். செகண்ட் ஹேண்டா வாங்க வர்றவர் இதையெல்லாம் உங்களுக்குத் திருப்பித் தரப்போறதில்ல. பத்து வருஷம் ஓட்டினா இந்தச் செலவு பரவி, தெரியாமலே போயிடும். ஒரு வருஷத்துல வித்தா மொத்தமும் உங்க தலையிலதான். இன்ஷூரன்ஸ்ல போடுற ஐடிவியையும் பாருங்க. வாங்கி ஆறு மாசம் தாண்டினா 15 சதவீதம், ஒரு வருஷம் தாண்டினா 20 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க.

அதனாலதான் சொல்றேன், மைலேஜ் குறைஞ்ச பைக்கோ விலை கூடின பைக்கோ இல்ல, ஒரு வருஷத்துல விக்கவேண்டி வர்ற பைக்தான் உண்மையிலேயே காஸ்ட்லி. அப்படி விக்க வைக்கிறதுல பெரிய காரணம், வண்டி நம்ம உடம்புக்கு ஒத்துவராம போறது.

கால் அளவு எடுக்கிறது ரெண்டு நிமிஷ வேலை. ஆபீஸுக்குப் போடுற ஷூவைப் போட்டுட்டு சுவர்ல முதுகு ஒட்டி நில்லுங்க. ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால் நடுவுல, சீட்ல உட்கார்ற மாதிரி மேலே அழுத்திப் பிடிங்க. புத்தகத்தோட மேல் விளிம்புல இருந்து தரை வரைக்கும் அளங்க. எனக்கு 74 சென்டிமீட்டர், அதாவது 740 மில்லிமீட்டர். நான் வாங்கின வண்டியோட சீட் உயரம் அதைவிட கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் ஜாஸ்தி. இந்த ஒரு எண் முன்னாடியே தெரிஞ்சிருந்தா அன்னைக்கு ஷோரூம்ல டீ குடிச்சுட்டுத் திரும்பி வந்திருப்பேன்.

ரெண்டு பாதமும் முழுசா தரையில பதியணும்னு கட்டாயம் இல்ல. ஒரு பாதம் முழுசாவோ, ரெண்டு முன்பாதமோ உறுதியா பதிஞ்சா போதும்.

இங்க ஒரு குழப்பம் இருக்கு. உயரம் வேற, எடை வேற. ராயல் என்ஃபீல்ட் மீட்டியார் 350 எடுத்துக்கோங்க. சீட் 765 மிமீதான், ஆனா எடை 191 கிலோ. யமஹா ஆர்15 சீட் 815 மிமீ, எடை சுமார் 140 கிலோ. காகிதத்துல பார்த்தா குள்ளமானவங்களுக்கு மீட்டியார்தான். சிக்னல்ல அது உண்மை. ஆனா அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல நெருக்கி நிக்கிற வண்டிகளுக்கு நடுவுல இருந்து பின்னாடி உருட்டி எடுக்கணும்னா 191 கிலோ வேற கதை. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, கிளாசிக் 350 195 கிலோ. நடுவுல 83 கிலோ வித்தியாசம், ஒரு வளர்ந்த ஆள். தினமும் காலையில அந்த ஆளையும் சேர்த்துத் தள்ளணும். உங்க பார்க்கிங்ல சரிவு இருந்தா இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிங்க.

சீட் அகலமும் முக்கியம். ஒரே உயரம்தான், ஆனா அகலமான சீட் காலை விரிச்சு வச்சிடும், கால் எட்டாது. ஒல்லியான சீட்ல எட்டிடும். இது எந்த வெப்சைட்லயும் போடாத விஷயம், உட்கார்ந்து பார்த்தாதான் தெரியும். அதுவும் சென்டர் ஸ்டாண்ட்ல நிக்கிற வண்டியில இல்ல. ஸ்டாண்டை எடுத்து, உங்க முழு எடையையும் வச்சு உட்காருங்க. சஸ்பென்ஷன் அமுங்கும், அப்பதான் உண்மையான உயரம் தெரியும். உடம்பு லேசா இருக்கிறவங்களுக்கு அது கம்மியாதான் அமுங்கும், அதனால நண்பனுக்கு எட்டினது உங்களுக்கும் எட்டும்னு நினைக்காதீங்க.

உயரமானவங்க தப்பிச்சுட்டோம்னு நினைக்க வேண்டாம். என் டீம்ல ஆறடி ஒண்ணு உயரமுள்ள ஒருத்தன் மைலேஜுக்காக 100 சிசி வண்டி வாங்கினான். ஹேண்டில் திருப்பினா முட்டியில இடிக்கும். முட்டியை மடக்கி மடக்கி ஆறு மாசத்துல முதுகுவலி. பெட்ரோல்ல மிச்சம் பிடிச்சதை பிசியோதெரபிக்குக் கொடுத்தான்.

அவனுக்கு அந்த வண்டியைச் சொன்னது நான்தான். இந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு உண்டு. பணத்தைப் பத்திப் பேசுற என்னை மாதிரி ஆளுங்க எதைக் கேட்டாலும் "100 சிசி போதும், மிச்சத்தை எஸ்ஐபி-ல போடு"ன்னு சொல்லிடுவோம். அவனுக்கு அந்த வண்டி மேல ஆசையும் இல்ல, உடம்புக்கும் ஒத்துவரல. ஒரு வருஷம் முடியுறதுக்குள்ள வித்துட்டு 350 சிசி வாங்கினான். பிடிக்காத வண்டியும் சீக்கிரம் கைமாறிடும். அதனால ஆசையைக் கணக்குல சேர்க்காதீங்கன்னு இனி நான் சொல்ல மாட்டேன். சேருங்க, ஆனா உங்க சொந்த ஆசையைச் சேருங்க. போன வருஷம் முழுக்க எங்கெல்லாம் வண்டியில போனீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. லடாக் அந்தப் பட்டியல்ல இல்லைன்னா, லடாக் போற வண்டி எதுக்கு? வருஷத்துக்கு ரெண்டு தடவை மலையேற அப்படி ஒரு வண்டி வேணும்னா வாடகைக்கு எடுத்துக்கலாம்.

ஆசை 350 சிசியைத் தாண்டுதுன்னா மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சது. அதுக்கு மேல 40 சதவீதம். புது வண்டிக்குக் கட்டாயமான 5 வருஷ தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸும் 2022-ல அறிவிச்ச கட்டணப்படி 150 சிசி வரை 3,851 ரூபாய், 350 வரை 7,365, அதுக்கு மேல 15,117. ரெண்டு இடத்துலயும் கோடு ஒரே இடத்துலதான் விழுது.

வாங்கிட்டு சீட் கடையில கொடுத்து ஃபோமைச் செதுக்கிக்கலாமேன்னு கேப்பீங்க. ஒண்ணு, ரெண்டு சென்டிமீட்டர் குறைக்கலாம், நானும் செஞ்சேன். உயரம் லேசா குறைஞ்சது, அரை மணி நேரத்துல உட்கார்ற இடம் வலிச்சது. சின்ன வித்தியாசத்துக்கு அது தீர்வு, 10 சென்டிமீட்டருக்கு இல்ல.

இந்த வாரக் கடைசியில ஷோரூம் போறவங்க ஷூ போட்டுட்டு, பின்னாடி அடிக்கடி உட்காரப்போற ஆளையும் கூட்டிட்டுப் போங்க. அம்மாவா, மனைவியா, ரூம்மேட்டா, யாரா இருந்தாலும். புடவையோட ஒரு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்க. டெஸ்ட் ரைடுல நேர் ரோட்டுல 60-ல போய்ட்டு வந்து "சூப்பர்"னு சொல்லாதீங்க. ஒரு யு-டர்ன் போடுங்க, இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு பத்தடி பின்னாடி உருட்டுங்க. சேல்ஸ்மேன் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். இன்னைக்கே புக் பண்ணா ஆஃபர்னு சொன்னார்னா, நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வாங்க.