ஃப்ரீசரில் சார்ஜ் ஏறாது

மங்கிப்போன ஒளிரும் குச்சியை ஃப்ரீசரில் வைத்தால் மறுபடி சார்ஜ் ஏறிவிடும் என்று திருவிழா முடிந்த மறுநாள் பிள்ளைகள் சொல்வார்கள். பெரியவர்களும் தலையாட்டுவார்கள். செங்கம் வெயிலும் ஜவ்வாது மலைக் குளிரும் அறிந்தவர்கள் இதை நம்பத் தேவையில்லை.

வாதம் 1: குளிர் சார்ஜ் ஏற்றுகிறது.

குச்சிக்குள் பேட்டரி இல்லை. வளைத்ததும் உள்ளே இருக்கும் மெல்லிய கண்ணாடிக் குப்பி உடைகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆக்சலேட் எஸ்டரும் கலந்து வினைபுரிகின்றன. அதில் வெளிப்படும் ஆற்றலை வாங்கிக்கொண்டு சாயம் ஒளிர்கிறது. 1960களில் பெல் ஆய்வகத்தின் எட்வின் சாண்ட்ராஸ் கண்ட வினையிலிருந்து வளர்ந்த பொருள் இது. செலவான எஸ்டர் திரும்பி வராது. குளிர் செய்வது தண்ணீர்க் குழாயை மூடுவது போன்றதுதான்: இறுக மூடினால் தொட்டித் தண்ணீர் தீராமல் இருக்குமே தவிர, தொட்டி நிறையாது.

வாதம் 2: ஃப்ரீசரில் வைத்தது மறுநாளும் எரிந்ததே!

எரியும்தான். 10 டிகிரி குறைந்தால் வினையின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது வேதியியலில் புழங்கும் தோராயக் கணக்கு. 30 டிகிரியிலிருந்து மைனஸ் 18 டிகிரிக்குப் போனால், அக்கணக்கின்படி வேகம் முப்பதில் ஒரு பங்குக்கு அருகில் வந்துவிடும். இரவு முழுக்கச் செலவாகாமல் கிடந்த மிச்சம்தான், வெளியே எடுத்துச் சூடேறியதும் பளிச்சிடுகிறது. முழுதும் தீர்ந்த குச்சியை எத்தனை நாள் உறைய வைத்தாலும் ஒளி வராது.

வாதம் 3: வெந்நீர் கூடுதல் ஒளி தருகிறது.

கூடுதல் பிரகாசம் உண்மை. கூடுதல் ஆயுள் பொய். வெப்பம் வினையை விரட்டுவதால், பல மணி நேரத்துக்கான ஒளி சீக்கிரமே கொட்டித் தீர்கிறது. மலை மேலே ஏறினால் நேர்மாறு. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி குறையும். ஆகவே கீழே செங்கத்தில் வளைத்த குச்சியைவிட ஜவ்வாது மலை மேலுள்ள ஜமுனாமரத்தூரில் வளைத்தது சற்று மங்கலாக, ஆனால் அதிக நேரம் ஒளிரும்.

வாதம் 4: இது குளிர் ஒளி, வெப்பத்துக்கு இதில் வேலையில்லை.

ஒளி வெப்பத்திலிருந்து பிறக்கவில்லை என்பதே அந்தப் பெயரின் பொருள். வினையின் வேகமோ சுற்றுப்புற வெப்பத்துக்குக் கட்டுப்பட்டது. வெப்பநிலைக்கும் வேகத்துக்குமான சமன்பாட்டை ஸ்வான்டே அரினியஸ் 1889இலேயே எழுதிவிட்டார்.

வாதம் 5: வெயிலில் காயவைத்தால் மீளும்.

வெளிச்சத்தை உள்வாங்கி இருட்டில் ஒளிரும் நட்சத்திர ஸ்டிக்கருக்குத்தான் அது பொருந்தும். குச்சியை வெயிலில் போட்டால் மிச்சமும் விரைந்து தீரும்.

ஆகவே, குளிர் சேமிக்கும், சூடு செலவழிக்கும். இரண்டும் புதிதாக எதையும் தராது. பெற்றோருக்கு ஒரு வார்த்தை: குச்சியைக் கொதிநீரிலோ மைக்ரோவேவிலோ போட விடாதீர்கள். வெடித்தால் ரசாயனமும் கண்ணாடித் துணுக்கும் முகத்தில் தெறிக்கும்.